முகமூடியும் பதிவேடும்: சூப்பர் ஹீரோக்களை மேய்க்கும் அரசு இலாகா

இரும்புக்கை மாயாவி ஓர் அரசாங்க ஊழியர். பள்ளிப் பருவத்தில் அந்தக் கதைகளை விழுந்து விழுந்து படித்தவர்கள்கூட இதைக் கேட்டால் சற்றுத் திகைப்பார்கள். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக அவர் தமிழுக்கு வந்தார். மூலம் பிரிட்டனுடையது: ‘வேலியன்ட்’ வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய படக்கதை. முதலில் கென் பல்மரும் பிறகு டாம் டல்லியும் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். கதாநாயகன் லூயிஸ் கிராண்டலின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் எஃகுக் கை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். இந்த ஆற்றலை அவர் முதலில் பயன்படுத்தியது குற்றம் செய்யத்தான். பிற்பாடுதான் ‘ஷேடோ ஸ்க்வாட்’ என்ற ரகசிய அரசுப் படை அவரைச் சேர்த்துக்கொண்டது. திருடனாயிருந்தவர் ஒரு கோப்புக்குள் அடங்கியதும் வீரர் ஆனார்.

உலகக் காமிக்ஸில் இப்படிப்பட்ட இலாகாக்கள் பல உண்டு. பறக்கிறவர், மறைகிறவர், மலையைத் தூக்குகிறவர் எல்லோருக்கும் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கும் அலுவலகம். உரிமம் கொடுக்கும், வேலை ஏவும், ஒத்துவராதவரைச் சிறையில் அடைக்கும். கதையை நகர்த்த உதவும் வெறும் தந்திரம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் எந்த நாட்டில், எந்த ஆண்டில் அந்த இலாகா எப்படி வரையப்பட்டது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஒரு சமூகம் தன் அரசாங்கத்தை எந்த இடத்தில், எந்தக் கோலத்தில் சந்தித்ததோ, அந்தக் கோலத்தில்தான் அதன் கதைகளில் இலாகாவும் வந்து நிற்கிறது.

இந்தக் கட்டுரை அதை நியூயார்க்கிலிருந்து பார்க்கவில்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட் டிக்சன் கடற்கரையில் இருக்கும் சி ரூசாவிலிருந்தும், அதன் சுற்றுவட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்தும் பார்க்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பதிவேட்டோடு வாழ்ந்த தமிழர்களின் நிலம் அது. பதிவேட்டை மையமாகக் கொண்ட கதைகளை அங்கிருந்து வாசித்தால், மற்றவர்கள் கவனிக்காத ஒரு வெற்றிடம் தெரிகிறது.

நம்பிக்கையிலிருந்து சந்தேகத்துக்கு

இலாகா இல்லாத காலமும் இருந்தது. லீ ஃபாக் 1936இல் படைத்த வேதாளத்துக்கு மேலதிகாரி யாரும் கிடையாது. அவரே ஒரு படைக்கு மேலதிகாரி. ‘காட்டுக் காவல் படை’யின் வீரர்கள் தங்கள் தளபதியின் முகத்தைப் பார்த்ததில்லை. ஒரு பெட்டகத்தில் உத்தரவு வந்து கிடக்கும், அவர்கள் நிறைவேற்றுவார்கள். ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் கலந்து செய்த கற்பனைக் காட்டை ஒரு வெள்ளைக்காரர் மறைந்திருந்து பரம்பரை பரம்பரையாக ஆளும் கதை, காலனி ஆட்சி நடந்த காலத்தில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

1965இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் மார்வெல் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’ இதழில் ‘ஷீல்டு’ அமைப்பை அறிமுகப்படுத்தினார்கள். அது பனிப்போர்க் காலம், உளவாளிப் படங்கள் சக்கைப்போடு போட்ட நேரம். ஒற்றைக் கண்ணும் சுருட்டுமாக நிக் ஃபியூரி தலைமை தாங்கிய அந்த அமைப்பின் மீது வாசகருக்குச் சந்தேகம் வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. எதிரி வெளியே இருந்தான், அரசு நம் பக்கம் இருந்தது.

வாட்டர்கேட் ஊழல் அந்த நம்பிக்கையைக் குலைத்தது. 1974இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதிய கதையில் கேப்டன் அமெரிக்கா ஒரு சதிக்கூட்டத்தின் தலைவனைத் துரத்திக்கொண்டு வெள்ளை மாளிகைக்குள்ளேயே போய்ச் சேருகிறார். மனம் வெறுத்துச் சில காலம் தன் பெயரையே துறக்கிறார். 1987இல் அதே வீரரை ஓர் அரசு ஆணையம் அழைத்து, அந்த உடையும் கேடயமும் அரசாங்கச் சொத்து, எங்கள் உத்தரவுப்படி நட, இல்லையேல் திருப்பிக் கொடு என்கிறது. அவர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஆணையம் அதே உடையை வேறோர் ஆளுக்கு மாட்டிவிடுகிறது. வீரம் ஆளைச் சேர்ந்ததா, பதவியைச் சேர்ந்ததா என்று ஒரு சிறுவர் இதழ் இவ்வளவு கூர்மையாகக் கேட்டது.

அந்த ஆண்டுகளில்தான் இந்த இலாகா பல வடிவங்களில் கூர்மை பெற்றது. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் படைத்த ‘வாட்ச்மென்’ (1986–87) கதைக்குள் 1977இல் ‘கீன் சட்டம்’ நிறைவேறுகிறது: அரசுக்கு வேலை செய்யாத முகமூடிக்காரர் எல்லோரும் சட்டவிரோதிகள். ஜான் ஆஸ்ட்ரண்டரின் ‘சூயிசைட் ஸ்க்வாட்’ கதைகளில் அமெண்டா வாலர் என்ற அதிகாரி சிறையிலிருக்கும் வில்லன்களைச் சாவுக்களங்களுக்கு அனுப்புகிறார். பிழைத்து வந்தால் தண்டனை குறையும், செத்தால் கணக்கு முடியும். 1998இல் டிசி நிறுவனம் மீமனித ஆற்றல்களைக் கண்காணிப்பதற்கென்றே ‘இயல்புமீறிய செயல்பாட்டுத் துறை’ ஒன்றைப் பேட்மேன் கதையொன்றில் அறிமுகப்படுத்தியது. அதன் தலைவராகப் பின்னாளில் அறியப்பட்ட மிஸ்டர் போன்ஸ் சதை கண்ணுக்குத் தெரியாதவர், எலும்பு மட்டும் தெரிகிறவர், பழைய குற்றவாளி. கிராண்டலின் நெருங்கிய உறவினர் என்றே சொல்லலாம். முன்பு கோப்புக்குள் அடங்கிய ஆள், இப்போது கோப்புகளின் அதிபதியாக உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் மார்க் மில்லரும் ஸ்டீவ் மெக்னிவெனும் உருவாக்கிய ‘சிவில் வார்’ (2006–07). ஓர் ஊரில் இளம் வீரர்கள் தொலைக்காட்சிக்காகச் சாகசம் காட்டப்போய், பள்ளிக் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் வெடிப்பில் சாகிறார்கள். நாடாளுமன்றம் பதிவுச் சட்டம் கொண்டுவருகிறது: ஆற்றல் உள்ளவர் உண்மைப் பெயரை அரசிடம் கொடுத்துப் பயிற்சி பெற வேண்டும். அயர்ன்மேன் பெயர் கொடுக்கிறார், கேப்டன் அமெரிக்கா மறுக்கிறார். 2001ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின் கண்காணிப்புச் சட்டங்களோடு வாழப் பழகிக்கொண்டிருந்த அமெரிக்கருக்கு இது தங்கள் வீட்டுச் சண்டையாகவே தெரிந்தது. 2016இல் வந்த திரைப்படம் இதை 117 நாடுகளின் ஒப்பந்தமாக விரித்தது.

நாற்பது ஆண்டு வரலாற்றின் சாரம் இது: அமெரிக்கக் கற்பனையில் அரசு முதலில் தோழனாக வந்தது, பின்பு முதலாளியானது, கடைசியில் வேவுகாரனானது. ஆனால் எல்லாக் கட்டத்திலும் ஓர் அனுமானம் மாறவே இல்லை. பெயர் கொடுப்பது இழப்பு, பெயரை மறைப்பது சுதந்திரம்.

மாறுகால் மாறுகை

தமிழர்களுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. அரசு ஒரு வீரனை வேலைக்கு வைத்து, பயன்படுத்தி, பிறகு அவனை அழிக்கும் கதை நம்மிடம் நெடுங்காலமாக உடுக்கடித்துப் பாடப்பட்டுவருகிறது. மதுரைவீரன் கதையின் பல வடிவங்களில் பொதுவாக இருக்கும் எலும்புக்கூடு இது: சக்கிலியர் வீட்டில் வளர்ந்த வீரன் திருமலை நாயக்கரின் மதுரைக்கு வருகிறான். அழகர்மலைப் பக்கம் கொள்ளையடித்தவர்களை அடக்கும் பொறுப்பை அரசு அவனிடம் ஒப்படைக்கிறது. அடக்குகிறான். பிறகு அரண்மனை வட்டத்தைச் சேர்ந்த வெள்ளையம்மாளோடு அவன் கொண்ட காதல் பழியாகிறது. அவனே கள்வன் என்று ஆகிறது. மாறுகால் மாறுகை வாங்க உத்தரவாகிறது. செத்தபின் அவன் உக்கிரம் ஊரை ஆட்ட, அரசு அவனுக்குக் கோயில் எழுப்புகிறது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே அவன் இன்றும் காவலிருக்கிறான்.

வாலரின் படைக்கும் மதுரைவீரனுக்கும் அமைப்பு ஒன்றுதான்: அரசால் செய்யமுடியாத வேலைக்கு அரசின் எல்லைக்கு வெளியே இருந்து ஓர் ஆள் வேண்டும், வேலை முடிந்ததும் அந்த ஆளே ஆபத்து. வேறுபாடு முடிவில் இருக்கிறது. அமெரிக்கக் கதையில் வீரன் தப்பி ஓடி அடுத்த இதழில் திரும்பி வருவான். தமிழ்க் கதையில் வீரன் தண்டிக்கப்படுகிறான், தீர்ப்பை மக்கள் மாற்றி எழுதுகிறார்கள். அரசு கள்வன் என்றது, மக்கள் சாமி என்றார்கள்.

கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்கள் இந்தச் சாமியையும் கொண்டுவந்தார்கள். தோட்டப்புறங்களில் மாரியம்மனுக்கு அடுத்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் எல்லையிலும் பால்மரக் காட்டின் ஓரத்திலும் நிற்பவர்கள் முனியாண்டியும் மதுரைவீரனும்தான். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ படம் அந்தப் பக்திக்குத் திரை முகமும் கொடுத்தது. ஆக, காமிக்ஸ் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அரசால் பயன்படுத்தப்பட்டு அரசால் வெட்டுண்ட ஒரு வீரனைத் தோட்டத் தமிழர் தங்கள் எல்லைக் காவலனாக வைத்திருந்தார்கள்.

பதிவேட்டு நிலம்

சி ரூசா போர்ட் டிக்சன் மாவட்டத்தின் கடலோர முக்கிம்களில், அதாவது உட்பிரிவுகளில், ஒன்று. கடற்கரைச் சாலையில் விடுதிகள், பலதொழில்நுட்பக் கல்லூரி. கொஞ்சம் உள்ளே போனால் ரப்பராயிருந்து செம்பனையாக மாறிய தோட்டங்கள். சுவா பெத்தோங், சுங்காலா, ஜிமா என்று மாவட்டமெங்கும் தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளே இந்தக் குடியேற்றத்தின் வரைபடம்.

இதே போர்ட் டிக்சனில்தான் 1933 மார்ச்சில் 25 இளைஞர்களைக் கொண்டு மலாய் ரெஜிமென்ட் தொடங்கப்பட்டது. இன்றும் தரைப்படையின் பயிற்சி நிலையங்கள் இருக்கும் ராணுவ ஊர் இது. அரசு தன் வலிமையான ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சீருடை மாட்டும் இடமும், விடியும் முன்னே எழுந்து பால்வெட்டப் போகிறவர்களின் லயங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அந்த லயத்துக்காரர்களின் வாழ்க்கையே பதிவேட்டில் தொடங்கியது. கங்காணி உரிமம் பெற்று ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் பெயர் பதிந்தது. 1907இல் உருவான இந்தியக் குடிநுழைவு நிதியின் கணக்கில் பயணச் செலவு ஏறியது. தோட்டத்துக்கு வந்தபின் விடியலுக்கு முன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு. கணக்கெழுதும் கிராணி ‘செக்ரோல்’ எனும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்குச் சம்பளம், கொடுக்காதவருக்கு இல்லை. கிராணிக்கு மேல் துரை.

1948இல் அவசரகாலம் பிறந்தபோது பதிவேடு தோட்டத்தைத் தாண்டி நாடு முழுவதற்கும் விரிந்தது. பன்னிரண்டு வயதைக் கடந்த எல்லோரும் புகைப்படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு கட்டாயப்படுத்தியது. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளையும் ஊரில் இருப்பவர்களையும் பிரித்தறிவதே நோக்கம். ‘சிவில் வார்’ கதையின் பதிவுச் சட்டம் மலாயாவில் அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துமுடிந்திருந்தது. அட்டை இல்லாதவர் காட்டு ஆள்.

ஆனால் தோட்டத் தமிழரின் அனுபவம் அமெரிக்கக் காமிக்ஸின் அனுமானத்தோடு பிரிவது அடுத்த கட்டத்தில்தான். 1957இல் நாடு விடுதலையானபோது, அதற்கு முன்பே பிறந்தவர்களில் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுத்தறிவில்லாதவர்கள், தோட்டத்தை விட்டு வெளியே போகாதவர்கள், அதன் அவசரத்தை யாரும் எடுத்துச் சொல்லாதவர்கள் ஏராளமானோர் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியபோது, பிறந்ததிலிருந்து பால்வெட்டியவர்கள் சொந்த நிரையில் அந்நியரானார்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 2011 பிப்ரவரியில்கூட, ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிய ‘மைடஃப்தார்’ என்ற இயக்கத்தை அரசே நடத்தவேண்டியிருந்தது.

காமிக்ஸ் வீரன் பதிவிலிருந்து தப்பி ஓடுகிறான். தோட்டத்துத் தாத்தா பதிவைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பெயர் எழுதப்படாததன் கொடுமையை அவர் அதற்கு முன்பும் கண்டிருந்தார். 1942க்குப் பின் ஜப்பானியர் சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றிப்போன தோட்டத் தமிழர் ஆயிரமாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசை உண்டு. தோட்டத்துக்காரர்களுக்கு அப்படிப் பெயர் பெயராக நிற்கும் வரிசை எதுவும் அங்கே இல்லை.

பெயர் கொடுத்தவரும் கொடாதவரும்

அயர்ன்மேனும் கேப்டன் அமெரிக்காவும் போட்ட சண்டைக்கு மலாயாத் தமிழ் உலகில் உண்மையான முன்மாதிரி உண்டு. போர் முடிந்த கையோடு கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை தோன்றியது. கள்ளுக்கடைகளை எதிர்த்து, அணிவகுத்துப் பயின்று, லயத்தின் ஒழுங்கைத் தாங்களே நிலைநாட்ட முனைந்த இளைஞர்கள் அவர்கள். முகமூடி இல்லை என்பதைத் தவிர, காமிக்ஸில் வரும் தன்னிச்சைக் காவலர் கூட்டத்துக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. 1947இல் பெடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் போலீசாரோடு மோதல் மூண்டது, படை ஒடுக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில் தொழிற்சங்கங்களும் பதிவதிகாரியிடம் பதிய வேண்டும். 1948 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டு, வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேர்வது தடைபட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. அதன் தலைவராக இருந்தவர் தஞ்சைப் பகுதியில் பிறந்த எஸ்.ஏ. கணபதி. தலைமறைவானார், துப்பாக்கி வைத்திருந்தார் என்று பிடிபட்டார். அவசரகாலச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. இந்தியாவிலிருந்து எழுந்த வேண்டுகோள்கள் எடுபடவில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மறுபக்கம் பி.பி. நாராயணன். கேரளத்துக்காரர், நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்தவர். பதிவுச் சட்டத்துக்கு உட்பட்டே சங்கம் நடத்தலாம் என்று நம்பினார். 1954இல் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானபோது அதன் பொதுச்செயலாளர் அவர். சம்பள ஒப்பந்தங்கள் போட்டார், 1962இல் மகசேசே விருது பெற்றார், உலகத் தொழிற்சங்க மேடைகளில் ஆசியாவின் குரலானார். சிரம்பானிலிருந்தும் போர்ட் டிக்சனிலிருந்தும் பார்த்தால் இவர் நம்மூர் ஆள். இவருடைய சங்கம் துரைமாரோடு மிகவும் அனுசரித்துப் போனது என்ற விமர்சனமும் கடைசிவரை இருந்தது.

இவர்களில் யார் சரி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லமுடியாது. பெயர் கொடுத்தவரால் கூலி உயர்ந்தது, கோரிக்கையின் எல்லை சுருங்கியது. பெயர் கொடாதவரின் எல்லை விரிந்தது, கழுத்தில் கயிறு விழுந்தது. ‘சிவில் வார்’ ஏழு இதழ்களில் மாறி மாறி அடித்துக்கொண்டு காட்டிய சிக்கலின் முழு எடையையும் தோட்டத்துத் தொழிலாளி தன் சம்பள நாளில் அனுபவித்திருக்கிறார்.

மலேசிய இலாகாக்கள்

மலேசியாவே உருவாக்கிய சூப்பர் ஹீரோக்களின் கதை வேறு சுருதியில் ஒலிக்கிறது. 1998இல் ஆர்டிஎம் ஒளிபரப்பத் தொடங்கிய ‘கெலுவாங் மேன்’ கார்ட்டூனின் நாயகன் தம்போய் மனநல மருத்துவமனையின் நோயாளி. இரவில் வௌவால் உடையில் வெளியே வந்து குற்றவாளிகளைப் பிடிப்பான், விடியும்போது தன் வார்டுக்குத் திரும்பிவிடுவான். பேட்மேனைக் கிண்டல் செய்ய வந்த இந்தக் கற்பனையில் ஓர் ஆழமும் உண்டு: அரசின் கட்டிலில்தான் நாயகன் படுத்திருக்கிறான், அரசுக்குத்தான் அது தெரியாது.

2011இல் தொடங்கிய ‘போபோய்போய்’ சிற்றூர்ச் சிறுவர்களின் கதையாக இருந்தது. 2016இல் ‘போபோய்போய் கேலக்சி’யாக விரிந்தபோது அதே சிறுவர்கள் ‘டாபாப்ஸ்’ என்ற விண்வெளி அமைப்பில் உறுப்பினரானார்கள். ஆற்றல்கோளங்களைத் தேடிப் பாதுகாப்பது அதன் பணி. தொடர் பிறகு காமிக்ஸ் நூல்களாகவும் நீண்டது. அதே 2016இல் வந்த ‘எஜென் அலி’யில் சைபராயா என்ற எதிர்கால நகரைக் காக்கும் ரகசிய நிறுவனம் ‘மாத்தா’. அலி என்ற பன்னிரண்டு வயதுப் பையனின் கையில் அதன் அதிநவீனக் கருவி தற்செயலாகச் சிக்கிவிடுகிறது. அமெரிக்கக் கதையாயிருந்தால் அவனைத் துரத்தியிருப்பார்கள். ‘மாத்தா’ அவனுக்குப் பயிற்சி கொடுத்து ஏஜென்டாக்கிவிடுகிறது.

உள்ளுக்குள் துரோகிகள் இருந்தாலும், இந்த இலாகாக்களின் அடிப்படைச் சுபாவம் பள்ளிக்கூடத்தின் சுபாவம். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும், தேர்வு வைக்கும், தட்டிக்கொடுக்கும். வளர்ச்சித் திட்டங்களாலும் கல்விக் கடன்களாலும் அரசு வேலைகளாலும் ஒரு நடுத்தர வர்க்கத்தை உருவாக்கிய நாட்டில் அரசு அப்படித்தான் தெரியும். அந்த ஏணியில் ஏறியவர்களின் பார்வை அது. பொய்யென்று சொல்ல முடியாது, ஆனால் எல்லோருடைய பார்வையும் அது அல்ல.

இந்த உலகில் தமிழ்ப் பிள்ளைக்குரிய இடம் கோபாலுடையது. ‘போபோய்போய்’ குழுவின் ஐவரில் ஒருவன், மலாய்ப் பேச்சுக்கு நடுவே ‘டேய்’ போடுகிறவன், பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டுப் பிரியன். எந்தப் பொருளையும் தின்பண்டமாக மாற்றுவது அவன் ஆற்றல். நண்பர்கள் நடுவே அவன் சமமானவன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவன் மேல் உரிமையோடு கூடிய பிரியமும் உண்டு. ஆனால் சிரிப்பு மூட்டும் பொறுப்பு எப்போதும் ஏன் அவன் தலையில் விழுகிறது என்று கேட்கவும் இடமிருக்கிறது. இலாகாவில் அவனுக்கு அட்டை உண்டு. அந்த அட்டை அவன் பாட்டிக்குக் கிடைத்ததா என்ற கதையை யாரும் இன்னும் எழுதவில்லை.

காகிதத்துக்கு மேலிருக்கும் இலாகா

காமிக்ஸ் வீரர்களைக் கண்காணிக்கும் உண்மையான அரசு அலுவலகமும் மலேசியாவில் உண்டு. உள்துறை அமைச்சு அது. கையிலிருக்கும் கருவி 1984ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம். அவசரகாலத்து 1948ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தையும் 1958ஆம் ஆண்டு இறக்குமதி வெளியீடுகள் சட்டத்தையும் நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் வந்தது. அடையாள அட்டை பிறந்த அதே ஆண்டில், அதே அச்சத்தில் பிறந்த சட்டத்தின் வாரிசு.

2014 மார்ச்சில் அந்த அமைச்சு ‘அல்ட்ராமேன்’ காமிக்ஸ் ஒன்றின் மலாய்ப் பதிப்பைத் தடைசெய்தது. அல்ட்ராமேன் அரசனை வருணிக்க ‘அல்லாஹ்’ என்ற சொல் கையாளப்பட்டிருந்ததால் முஸ்லிம் சிறுவர்களின் நம்பிக்கை குழம்பும் என்பது காரணம். தடைசெய்த நூலை அச்சிட்டாலோ விற்றாலோ மூன்றாண்டு வரை சிறை அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2019 அக்டோபரில் சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தைப் புகழ்ந்த காமிக்ஸ் ஒன்று தடையானது. அதை எழுதிய ஹியூ குவான் யாவை மலேசிய அரசியல் உலகம் அழைத்துவந்த பட்டப்பெயர் ‘சூப்பர்மேன்’. கற்பனை எழுத்தாளர் எவரும் இப்படி ஒரு பொருத்தத்தை எழுதத் துணியமாட்டார்கள்.

மற்ற நாடுகள் இதில் சளைத்தவை அல்ல. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் எழுப்பிய புயலையும் செனட் விசாரணையையும் தொடர்ந்து, அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே காமிக்ஸ் ஒழுங்குவிதி ஆணையத்தை அமைத்துக்கொண்டார்கள். அந்த விதிப்படி, காவலரையும் நீதிபதியையும் அரசு அதிகாரியையும் மதிப்புக் குறையும்படி காட்டக்கூடாது. 1965இன் ‘ஷீல்டு’ அவ்வளவு யோக்கியமாக இருந்ததற்குப் பனிப்போரோடு இந்த முத்திரையும் ஒரு காரணம். பிரிட்டன் 1955இல் சட்டம் போட்டது. இந்தியா 1956இல் இளைஞர் தீங்கு வெளியீடுகள் சட்டத்தை நிறைவேற்றியது. பக்கத்துக்குள் ஓர் இலாகா வீரனை மேய்க்கும்போது, பக்கத்துக்கு வெளியே இன்னோர் இலாகா அந்தப் பக்கத்தையே மேய்க்கிறது. முதலாவது எப்படி வரையப்படலாம் என்பதை இரண்டாவது தீர்மானித்திருக்கிறது.

கேள்வி கேட்கும் உரிமை

இத்தனை இலாகாக்களையும் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்றவரின் கண்ணால் பார்த்தால், பதிவு நல்லதா கெட்டதா என்ற வாதமே பாதி வாதம் என்று தெரிகிறது. பதிவு கிடைத்தவருக்குச் சம்பளமும் வந்தது, கட்டுப்பாடும் வந்தது. கிடைக்காதவருக்குச் சுதந்திரம் கிடைக்கவில்லை. மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் வேலையும்தான் போயின. முகமூடி சுதந்திரம் என்று சொல்ல, முகமூடியைக் கழற்றினால் கீழே ஒரு குடியுரிமை இருக்க வேண்டும். கேப்டன் அமெரிக்காவுக்கு அது இருந்தது.

அப்படியானால் எந்த இலாகாக் கதையிடமும் கேட்கவேண்டியது வேறு. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவர், அது தனக்குச் செய்ததை எதிர்த்து யாரிடம் முறையிடலாம்? இந்த இடத்தில்தான் காமிக்ஸ் கைவிரிக்கிறது. ‘சிவில் வார்’ முடிவில் கேப்டன் அமெரிக்கா சரணடைகிறார். விசாரணைக்குக் கூட்டிப்போகும் வழியில் நீதிமன்றப் படிக்கட்டில் சுடப்படுகிறார். சட்டம் சரியா என்று உள்ளே ஒரு நீதிபதி கேட்டிருப்பாரே, அந்தக் காட்சி வரவே இல்லை. கீன் சட்டத்தை எதிர்த்து எந்த வீரரும் வழக்குப் போடவில்லை. ‘மாத்தா’வுக்கு மேல் ஒரு நீதிமன்றம் இருப்பதாக அலிக்கு யாரும் சொன்னதில்லை. மதுரைவீரனுக்கும் விசாரணை நடக்கவில்லை; அவனுக்கு மேல்முறையீடு செத்தபின் சாமியாகத்தான் கிடைத்தது.

நடைமுறை உலகம் இதில் கற்பனையைவிட ஓரடி முன்னால் இருக்கிறது. கேலிச்சித்திரக்காரர் சூனாரின் நூல்கள் 2010இல் தடைசெய்யப்பட்டன. அவர் வழக்கு நடத்தினார். 2014 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே அவர் மீது தேசநிந்தனைக் குற்றச்சாட்டுகள் ஒன்பது பாய்ந்தன. ஆட்சி மாறியபின் 2018இல் அவை கைவிடப்பட்டன. 2012இல் வெளியீட்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது, அமைச்சரின் முடிவை நீதிமன்றம் தொடக்கூடாது என்ற பிரிவும் போனது. உரிமத்தைப் பறிக்கும் முன் வைத்திருப்பவரின் தரப்பைக் கேட்கவேண்டும் என்ற விதியும் வந்தது. தடைகள் நிற்கவில்லை என்பதைத்தான் 2014உம் 2019உம் காட்டுகின்றன. ஆனாலும் தடைபோட்டவர் பதில் சொல்லவேண்டிய ஓர் இடம் உண்டாயிற்று.

சி ரூசாவிலிருந்தோ சுவா பெத்தோங்கிலிருந்தோ ஒரு பிள்ளை நாளைக்குத் தமிழில் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வரைய உட்கார்ந்தால், பறப்பதற்கும் மறைவதற்கும் புது ஆற்றல் தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்கக் கதை பதிவிலிருந்து தப்புவதைச் சொல்லியாகிவிட்டது. மலேசியக் கதை பதிவில் சேர்வதைச் சொல்லியாகிவிட்டது. பதிவேட்டைப் பிடித்திருக்கும் கையிடம் கணக்குக் கேட்கும் கதைதான் பாக்கி. அதை எழுதத் தேவையான அனுபவம் நூறாண்டுக்கு மேலாகத் தோட்டத்துக்காரர்களிடம் இருக்கிறது.